ஓரகத்தியின் பந்து

“பந்துங்கக்கா, பந்து! கொலுசு காணோம், கம்மல் காணோம்னா ஒரு ஞாயம் இருக்கு. பேரன் எடுக்கிற வயசுல ஒரு பந்தைத் தூக்கி மடியில கட்டிக்கிட்டுத் திரியறீங்களே, உங்களுக்கே சிரிப்பு வரலியா?”

“யாருடி தூக்கினது? வாசல்ல கெடந்துச்சு, எடுத்து வெச்சேன்.”

“என் வூட்டு அலமாரியில இருந்த பந்துக்குக் கால் மொளைச்சு வாசலுக்கு வந்துச்சாக்கும்!”

“அலமாரின்னா சாத்தி வெக்கணும். ஆன்னு தொறந்து போட்டுட்டு அடுத்தவங்களைச் சொல்றதா?”

சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயாலேயே மாட்டிக்கொண்டது தீர்த்தம்மாளுக்கு உறைத்தது. அதற்குள் தெருவுக்கும் உறைத்துவிட்டது. எதிர் வூட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் சரியாகக் கேட்கட்டும் என்று குழாயை மூடினாள். பால் ஊற்றிவிட்டுத் திரும்பியவர்கள் வண்டியை நிறுத்திவிட்டுச் சக்கரத்தில் காற்று பார்த்தார்கள். இத்தனை பேருக்கு ஒரே நேரத்தில் காற்று இறங்கியது அந்தத் தெருவில் அதுதான் முதல் தடவை.

காரிமங்கலத்துக்குக் கிழக்கே இருக்கிற அந்த ஊரில் மாதப்பன், சந்திரமோகன் என்று அண்ணன் தம்பி இருவர். ஒரே வாசல், இரண்டு சமையலறை. தீர்த்தம்மாள் அண்ணன் பெண்டாட்டி, கோகிலவாணி தம்பி பெண்டாட்டி. அன்று காலையில் பால் சொம்பை எடுக்கத் தீர்த்தம்மாள் குனிந்தபோது மடியிலிருந்து நழுவிய மஞ்சள் ரப்பர் பந்து வாசல் முழுக்க உருண்டு, வேறு இடமே கிடைக்காததுபோல் கோகிலவாணியின் காலடியில் போய் நின்றது. மற்றதெல்லாம் மேலே கேட்டதுதான்.

பந்துக்கு இத்தனை மதிப்பு எப்படி வந்தது என்பதைச் சொல்லாவிட்டால் இரண்டு பேரையும் பைத்தியம் என்று நினைத்துவிடுவீர்கள். அந்த அளவுக்கு இல்லை.

மகளைக் கட்டிக்கொடுத்த கையோடு தீர்த்தம்மாளுக்கு இரண்டு கையும் பிடித்துக்கொண்டது. காலையில் எழுந்தால் விரல் மடங்காது. வெயில் ஏறுகிற வரைக்கும் ரவிக்கைக்கு ஊக்கு மாட்ட முடியாது. கேழ்வரகு அறுத்த அலுப்பு என்று எண்ணெய் தேய்த்துப் பார்த்தாள், ஒத்தடம் கொடுத்துப் பார்த்தாள். கடைசியில் தர்மபுரி பெரியாஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் முடக்குவாதம் என்றார். “இது தேய்மானம் இல்லம்மா. உங்க உடம்பே உங்க மூட்டை எதிரின்னு நெனச்சுக்கிட்டு சண்டைக்குப் போவுது.” கூட்டுக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள், கூடவே பிசியோதெரபியும் பாருங்கள் என்று அனுப்பிவைத்தார்.

அப்படித்தான் காரிமங்கலம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மருந்துக் கடை மாடியில் இருக்கும் ஜெயபிரியாவிடம் போய்ச் சேர்ந்தாள். சின்னப் பெண். ஒரு கண் நோயாளி மேல், ஒரு கண் போன் மேல். ஆனால் கை வைத்தால் வலி எங்கே என்று கேட்காமலே அங்கே நிற்கும். உருக்கிய மெழுகில் கையை முக்கி எடுக்கச் சொல்வாள். வெந்நீரில் விரலை விரித்து மடக்கச் சொல்வாள். மேசை மேல் உள்ளங்கையைப் பரப்பி ஒவ்வொரு விரலாகத் தூக்கச் சொல்வாள். துணி பிழியாதே, களி கிண்டாதே, ராத்திரி விரல் கோணாமல் இருக்கக் கைக்குப் பட்டை கட்டிக்கொண்டு தூங்கு என்பாள். அன்றிலிருந்து மாதப்பன் களி கிண்டினார். கட்டி தட்ட வைத்ததும் அவரே, தின்றதும் அவரே.

சந்தை நாள்தோறும் பஸ் ஏறிப் போய், மெழுகில் கை முக்கி, வரும்போது கத்தரிக்காயும் கதையுமாகத் திரும்பினாள் தீர்த்தம்மாள். “என் பிசியோ என்ன சொல்லிச்சுன்னா...” என்று அவள் ஆரம்பித்தால் பெண்கள் வேலையை விட்டுவிட்டுக் கேட்டார்கள். வலி முழுசாகப் போகவில்லைதான். ஆனால் ஊக்கு மாட்ட முடிந்தது, சொம்பு பிடிக்க முடிந்தது. தெருவில் பிசியோ பார்த்த ஒரே மனுசி என்ற பேரும் கிடைத்தது. வியாதியிலும் ஒரு சந்தோசம்.

அந்தச் சந்தோசத்தில் மண் விழுந்தது. கோகிலவாணி மாட்டுக் கொட்டகையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். கட்டுப் பிரித்ததும் கை விறைத்துக் கிடந்தது. அவளும் பிசியோவுக்குப் போகணும் என்றார்கள். பாலக்கோட்டில் இல்லாத பிசியோவா, தர்மபுரியில் இல்லாத பிசியோவா? போனால் ஜெயபிரியாவிடம்தான் போவேன் என்று நின்றாள்.

“ஏங்கக்கா, நம்ம ரெண்டு பேரும் ஒண்ணாவே போய் வரலாம்ல? பேச்சுத் துணைக்கும் ஆச்சு” என்றாள் கோகிலா.

“எனக்கு பஸ்ஸுல பேசினா தலை சுத்தும்” என்றாள் தீர்த்தம்மாள். காரிமங்கலம் வரைக்கும் கண்டக்டரிடம் பேசிக்கொண்டே போகிறவள்.

முன்னும் பின்னுமாக வேறு வேறு பஸ்ஸில் போனாலும் சந்தை நாள் ஒன்றுதானே, இருவரும் ஒரே பெஞ்சில்தான் காத்திருந்தார்கள். கோகிலா போன முதல் நாளே இரண்டு விசயம் நடந்தது. ஜெயபிரியா கோகிலாவை “வாங்கக்கா” என்றாள். தீர்த்தம்மாளை எப்போதும்போல் “உக்காருங்கம்மா” என்றாள். இரண்டு பேருக்கும் வயது வித்தியாசம் ஒரு பிள்ளைப்பேறு இடைவெளி. அதற்கு ஒருத்தி அக்காவாம், ஒருத்தி அம்மாவாம். தீர்த்தம்மாள் கண்ணாடிப் பக்கம் திரும்பி, காதோரம் வெளுத்திருந்த முடியைக் கொண்டைக்குள் தள்ளினாள்.

இரண்டாவது விசயம், பந்து. மேசை இழுப்பறையைத் திறந்து, பளபளவென்று மஞ்சளாக ஒரு பந்தை எடுத்து, “இதை வூட்டுக்கு எடுத்துட்டுப் போய் நல்லா அமுக்கி அமுக்கி விடுங்கக்கா” என்று கோகிலாவிடம் கொடுத்தாள்.

“ஏம்மா, எனக்கு?” என்றாள் தீர்த்தம்மாள்.

“உங்களுக்கு அது வேண்டாம்மா. அவங்களுக்கு எலும்பு கூடிப்போச்சு, தசைக்குத்தான் பலம் வேணும். உங்களுக்கு மூட்டே வீங்கியிருக்கு. இப்ப இறுக்கிப் புடிச்சா கெடுதல்.”

இத்தனை சொன்னாள். தீர்த்தம்மாள் காதில் விழுந்தது ‘உங்களுக்கு வேண்டாம்’ மட்டும்தான். மூத்தவளுக்கு வெந்நீர், இளையவளுக்குப் பந்து. எந்த ஊர் ஞாயம்?

கோகிலா சும்மாவாவது இருந்தாளா? வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் பார்க்க அமுக்கினாள். அவள் கை கண்ணுக்கு முன்னாலேயே தேறியது. பூட்டுத் திறந்தாள், மாடு கறந்தாள், போர்வையைப் பிழிந்து தண்ணீர் சொட்டாமல் கொடியில் போட்டாள். அந்தப் போர்வை சொட்டாததைத் தீர்த்தம்மாள் சன்னல் வழியாக நின்று பார்த்தாள். இவள் கை அப்போது வெந்நீரில் கிடந்தது.

எல்லாம் பந்தில்தான் இருக்கிறது என்று முடிவு கட்டினாள். கோகிலா கொட்டகைக்குப் போன நேரம் பார்த்து அலமாரியைத் திறந்தாள்.

திருடிய பந்தை நாசூக்காக அமுக்க முடியுமா? கோழிக்கூண்டுக்குப் பின்னால் நின்று, சீரியல் பார்க்கும்போது முந்தானைக்குள் மறைத்து, ஓரகத்தி முகத்தை நினைத்துக்கொண்டே நசுக்கினாள். வலித்தது. வலித்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம் என்று இன்னும் நசுக்கினாள். ஒரு வாரத்தில் விரல் முட்டியெல்லாம் பணியாரமாக உப்பிக் கொதித்தது. அதனால்தான் அன்று குனிந்தபோது மடியைச் சேர்த்துப் பிடிக்க முடியாமல் பந்து நழுவியது.

பந்தோடு போயிருந்தால் பரவாயில்லை. சண்டையில் கோகிலாவை நோக்கி அவள் நீட்டிய விரல் நீளவில்லை, கொக்கிபோல வளைந்தே நின்றது. அதைக் கதவருகே நின்ற மாதப்பன் பார்த்துவிட்டார்.

“சத்தம் போதும், உள்ள போ” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, “மாரியம்மன் பண்டிகை வருது. இந்தக் கையை வெச்சிக்கிட்டு எப்படி மாவு பிசைவ, எப்படித் தட்டு எடுப்ப? இந்த வருசம் மாவிளக்கைக் கோகிலாவே எடுக்கட்டும்.”

வாசல் அடங்கிவிட்டது. எதிர் வூட்டுக் குழாய்கூடச் சொட்டவில்லை.

அந்த வகையறாவில் மாவிளக்கு என்றால் சும்மா ஒரு தட்டு இல்லை. பச்சரிசி மாவும் வெல்லமும் பிசைந்து, குழித்து, நெய்த் திரி ஏற்றி, பித்தளைத் தாம்பாளத்தில் வைத்து மூத்த மருமகள் முன்னால் நடப்பாள். பங்காளி வூட்டுப் பெண்கள் எல்லாரும் அவளுக்குப் பின்னால்தான். நிலைப்படி தாண்டினால் கோவில் வரைக்கும் தட்டைக் கீழே வைக்கக் கூடாது, கை மாற்றக் கூடாது. வழியில் யார் கைக்கு மாறுகிறதோ அதற்குப் பிறகு தட்டு அவளுக்குத்தான். திரும்பி வந்ததாகக் கதையே இல்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து தீர்த்தம்மாளுக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள இருந்தது அது ஒன்றுதான். நிலம் மாதப்பன் பேரில், மாடு கடன் கொடுத்த பால் சொசைட்டி பேரில்.

“நான் கேக்கலைங்க மாமா” என்றாள் கோகிலா.

கேட்கவில்லைதான். ஆனால் அன்று சாயந்தரமே அவளுடைய அரக்குப் பட்டு இஸ்திரி வண்டிக்குப் போனதைத் தெருவே பார்த்தது.

அடுத்த சந்தை நாளுக்கு ஜெயபிரியாவின் முன்னால் கையை நீட்டினாள் தீர்த்தம்மாள்.

“என்னம்மா பண்ணீங்க?”

“ஒண்ணும் பண்ணல. பனி.”

“சித்திரையில பனியா? கோகிலா அக்கா போன் பண்ணி எல்லாம் சொல்லிட்டாங்க.”

தீர்த்தம்மாளுக்கு வலி மறந்துபோயிற்று. “அவ நம்பர் உன்கிட்ட இருக்கா? என் நம்பரை நீ வாங்கவே இல்லையே?”

ஜெயபிரியா சிரித்துவிட்டு, உடனே சிரிப்பை விழுங்கிக்கொண்டு திட்டினாள். நன்றாகவே திட்டினாள். வீக்கம் பொங்குகிற நேரத்தில் மூட்டுக்கு ஓய்வு வேணும், பலம் காட்டக் கூடாது, இப்படியே நசுக்கினால் விரல் ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும், பிறகு தன்னாலும் நிமிர்த்த முடியாது என்றாள். முதலில் தர்மபுரிக்குப் போய் டாக்டரைப் பார்த்து மாத்திரையைச் சரி பண்ணிக்கொண்டு வா, அப்புறம்தான் என் வேலை என்றாள். அப்புறம் போனைக் கவிழ்த்து வைத்தாள். அது அவள் வழக்கமே இல்லை.

“சரி, உங்களுக்குக் கை எதுக்கும்மா சரியாகணும்? கோகிலா அக்காவைவிடச் சீக்கிரம் ஆகணும், அதுக்கா?”

“ஆமா” என்று வாய்வரை வந்தது. “தட்டு எடுக்கணும்” என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். மெழுகுக்குக் காத்திருந்த முட்டி வலிக் கிழவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

“எவ்வளவு பெரிய தட்டு?”

அதற்கடுத்த தடவை தாம்பாளத்தையே வேட்டித் துணியில் சுற்றி பஸ்ஸில் கொண்டுபோனாள். அதற்குள் டாக்டர் மாத்திரையை மாற்றியிருந்தார், கொதிப்பு அடங்கியிருந்தது. தட்டின் விளிம்பை விரல் நுனியால் கவ்வுகிற பழக்கத்தை ஜெயபிரியா முதல் நாளே பிடுங்கி எறிந்தாள். தட்டை முன்னங்கை இரண்டின் மேலும் ஏற்றி, முழங்கையை விலாவோடு ஒட்டி, நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கச் சொன்னாள். பாரம் தோளுக்குப் போகணும், விரல் சும்மா கூட இருக்கணும், அவ்வளவுதான். மாவையும் விரலால் பிசையக் கூடாது. தட்டுக்கு அடியில் ஈரத்துணி போட்டு, உள்ளங்கை அடிப்பாகத்தால் தள்ளணும். வலிச்ச பிறகு நிற்காதே, வலிக்கிறதுக்கு முன்னாலேயே நில்லு. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

தினமும் காலையில் வெந்நீர் வேலை முடிந்ததும் தாம்பாளத்தில் உப்புப் பாக்கெட்டுகளை அடுக்கி, முன்னங்கையில் ஏந்தி வாசலைச் சுற்றி நடந்தாள் தீர்த்தம்மாள். நடக்கக் கொல்லைப்பக்கம் நிறைய இடம் இருந்தது. ஆனால் அங்கே கோகிலாவின் சன்னல் இல்லை.

“பார்த்தியா அக்காவை? தட்டைப் புள்ளை மாதிரி ஏந்திக்கிட்டு நடக்குது. தாலாட்டு ஒண்ணுதான் பாக்கி” என்று கோகிலா எதிர் வூட்டில் சொன்னாள். அது பாத்திரம் காய்வதற்குள் தீர்த்தம்மாளிடம் வந்துவிட்டது. அவள் இன்னொரு உப்புப் பாக்கெட்டை வைத்தாள். அப்புறம் ஜெயபிரியா நினைப்பு வந்து, அதை எடுத்துவிட்டாள். இப்படி ஒரு பொருளை வைத்துவிட்டுத் தானே எடுத்தது அவள் வாழ்க்கையிலேயே அபூர்வம்.

பண்டிகைக்கு முந்தின நாள் மாதப்பனிடம் போய், “நானே எடுக்கறேங்க” என்றாள்.

அவர் அவள் கையைப் பார்த்தார். வாசல் சுற்றலையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். “எடு. ஆனா வழியில கை மாறிச்சுன்னா மாறினதுதான். அப்புறம் என்கிட்ட வந்து மூக்கு சிந்தக் கூடாது.”

கோகிலா அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டுதான் வந்தாள். கட்டிக்கொண்டு சரியாகத் தீர்த்தம்மாளின் வலது தோளுக்குப் பக்கத்தில் நின்றாள். பம்பை முழங்கியது. நெய்த்திரி எரிய, தாம்பாளத்தை நெஞ்சோடு அணைத்து, தீர்த்தம்மாள் நிலைப்படி தாண்டினாள்.

தெரு முக்கு வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. தண்ணித்தொட்டி தாண்டியதும் மணிக்கட்டுக்குள் ஏதோ முனகியது. பக்கத்தில் கோகிலாவின் இரண்டு கையும் தயாராக இருந்தன, வளையல்கூட மேலே தள்ளி விட்டிருந்தாள்.

“கஷ்டமா இருந்தா குடுங்கக்கா. நான் புடிக்கிறேன்.”

“உன் கையைப் பார்த்துக்க. உடைஞ்ச கை.”

“என் கை சரியாப் போச்சுங்கக்கா. பந்து அமுக்கினேன்ல.”

இன்னும் நாலு எட்டு வைத்தால் வலிக்கும் என்று தீர்த்தம்மாளுக்குத் தெரிந்தது. அந்த நாலு எட்டை வைக்கச் சொல்லி உள்ளே ஒருத்தி பிடுங்கினாள், பந்தை நசுக்கினாளே அதே ஒருத்தி. இவள் எதிரிலேயா நிற்பது? நின்றால் ‘முடியல பாரு’ என்று ஊரே சொல்லாதா?

நின்றாள். “பம்பையை நிறுத்துங்க” என்றாள்.

பம்பை நின்றது. பின்னால் வந்த பெண்கள் ஒருத்தி முதுகில் ஒருத்தி மோதி நின்றார்கள். தீர்த்தம்மாள் கண்ணை மூடி, முழங்கையை விலாவோடு இறுக்கி, தோளைத் தளர்த்தி, சொல்லிக்கொடுத்தபடி மூச்சை மெதுவாக விட்டாள். விரலை ஒவ்வொன்றாகத் தட்டுக்கு அடியில் விரித்து மடக்கினாள். பார்த்தவர்களுக்கு உதடு அசைவதும் விரல் துடிப்பதும்தான் தெரிந்தது.

“ஆத்தா வந்து நிக்கறா!” என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்.

அவ்வளவுதான். பக்கத்து வூட்டிலிருந்து ஒரு குடம் மஞ்சத்தண்ணி வந்து அவள் காலில் விழுந்தது. ஒருத்தர் தேங்காய் உடைத்தார். ஒரு கைக்குழந்தையைக் காலடியில் கிடத்தி எடுத்தார்கள். மறுக்கலாமா என்று தீர்த்தம்மாள் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தாள். கோகிலாவின் முகம் தெரிந்தது. மறுபடி மூடிக்கொண்டாள்.

கோவில் போய்ச் சேர்வதற்குள் அவள் எங்கெங்கே நின்றாளோ அங்கெல்லாம் மஞ்சத்தண்ணியும் தேங்காயும் காத்திருந்தன. எந்த வருசமும் இல்லாத மரியாதை. தட்டு கை மாறவில்லை. பூசாரி வாங்கும்போது, “கொஞ்சம் இருங்க” என்று முன்னங்கையிலிருந்து மெல்லச் சரித்துக் கொடுத்தாள். அரக்குப் பட்டில் ஒரு பக்கம் முழுக்க மஞ்சத்தண்ணி தெறித்திருந்தது. அது போகவே இல்லை என்று வண்ணான் சொன்னதாகக் கேள்வி.

அன்றைக்குப் பிறகு கோகிலாவுக்கு ராத்திரியில் விரல் இழுக்க ஆரம்பித்தது. முட்டியும் இழுத்தது. தனக்கும் முடக்குவாதம்தான் என்று சந்திரமோகனை அரித்து, தர்மபுரியில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். ஒன்றுமில்லை என்று ரிசல்ட் வந்தது. ஒன்றுமில்லை என்று வந்ததற்கு அழுத பொம்பளையை அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று சந்திரமோகன் டீக்கடையில் சொன்னார். “சரியாப் பார்த்தாங்களோ என்னமோ” என்று தீர்த்தம்மாள் ஆறுதல் சொன்னாள். நோய் யாருடையது என்று தீர்ந்துபோன பிறகு மனுசிக்கு எவ்வளவு தாராளம்!

தீர்த்தம்மாளுக்கு முழுசாகக் குணமாகிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மாத்திரை ஓடுகிறது, வெந்நீர் ஓடுகிறது, மழைக்காலத்தில் ஒரு வாரம் ஊக்கு மாட்ட மாதப்பன்தான் வருகிறார். தட்டை மட்டும் அவளே எடுக்கிறாள், நின்று நின்று.

கோகிலாவின் மகனுக்கு ஓசூர் கம்பெனியில் வேலை கிடைத்ததும், சமைத்துப்போட என்று அவளும் அங்கே குடி போய்விட்டாள். லிப்ட் வைத்த வீடாம். லிப்டைப் பற்றித் தீர்த்தம்மாள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாசல் முழுசும் தனக்கே கிடைத்த நிம்மதியில் சேலத்து மகள் வூட்டுக்கு ஒரு நடை போய்த் திரும்பினாள். தை மாசம் ஜெயபிரியாவுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை அரூர்க்காரர் என்று கேட்டு, அரூர்தானே, கை காட்டப் போய்வர பஸ் இருக்கிறது என்று மொய்யெழுதிவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். கை கழுவுகிற இடத்தில்தான் கோகிலா வந்து சொன்னாள்.

“சொந்த ஊருதாங்கக்கா அரூரு. மாப்பிள்ளைக்கு வேலை ஓசூருல. எங்க வூட்டுக்கு ரெண்டு தெரு தள்ளித்தான் பிரியாவுக்கு கிளினிக் பார்த்திருக்காங்க.”